வண்டியை எப்ப மாத்துறது? – ஒரு கேள்வியின் வரலாறு

"கல்யாணம் எப்போ?"ங்கற கேள்விக்கு அடுத்தபடியா நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் சந்திக்கிற கேள்வி, "வீட்டு வண்டியை எப்போ மாத்தப் போறே?" முதல் கேள்விக்குப் பதில் என் கையில இல்லை :-) ரெண்டாவதுக்காவது ஒழுங்கா பதில் தேடுவோமேன்னு உக்காந்தேன். தேடப் போன இடத்துல ஒரு விஷயம் புரிஞ்சுது. ஒரு மோட்டார் சைக்கிளை எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் மாத்தணும்ங்கற இந்தக் கேள்விக்கே நம்ம ஊர்ல வயசு நாப்பதுதான். அதுக்கு முன்னாடி அப்படி ஒரு கேள்வியே கிடையாது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். சிவகிரி. ஈரோடு பக்கத்துல ஒரு சிவகிரி இருக்கு, அது இல்லை. மதுரையிலேர்ந்து தென்காசி போற ரோட்டுல, ராஜபாளையம் தாண்டி, வாசுதேவநல்லூருக்கு முன்னாடி, மலை அடிவாரத்துல இருக்கற சிவகிரி. முன்னாடி சங்கரன்கோவில் தாலுகா, நெல்லை மாவட்டம். 2019-லேர்ந்து தென்காசி மாவட்டம். நெல்லு, கரும்பு, தென்னை, எலுமிச்சைன்னு பொழப்பு ஓடற ஊர். இங்க வண்டின்னா ஊர் சுத்தறதுக்கு இல்லை. தோட்டத்துக்குப் போகணும், உர மூட்டை ஏத்தணும், ராத்திரி மோட்டார் போடப் போகணும். ஆபீஸ்ல ஆணி புடுங்கற எனக்கு பைக்குங்கறது ஒரு சௌகரியம். ஊர்ல அது ஒரு வேலையாள்.

வண்டி கிடைச்சாலே போதும்னு இருந்த காலம்

1955-ல சென்னையில மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் இங்கிலாந்து ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை திருவொற்றியூர்ல. எல்லைப் பகுதியில ரோந்து போறதுக்கு இந்திய ராணுவம் புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்ததுதான் இதுக்கு அடிப்படை. மொதல்ல பாகங்கள் கப்பல்ல வந்தது, இங்க பூட்டினாங்க. கொஞ்ச வருஷத்துல எல்லாத்தையும் இங்கயே செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. வேடிக்கை என்னன்னா 1970 வாக்குல இங்கிலாந்துக் கம்பெனி மூடியாச்சு. திருவொற்றியூர்ல மட்டும் அதே புல்லட் வந்துட்டே இருந்துச்சு. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் போய் புது இன்ஜின் வந்ததே 2000-களோட கடைசியிலதான். அம்பது வருஷத்துக்கு மேல கிட்டத்தட்ட ஒரே இன்ஜின்!

மைசூர்ல 1960-ல ஐடியல் ஜாவா. செக்கோஸ்லோவாகியாவோட ஜாவா 250, பின்னாடி 1973-லேர்ந்து யெஸ்டிங்கற பேர்ல. ஃபரிதாபாத்ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து நாட்டு வண்டி ஒண்ணை எடுத்து 1962-ல ராஜ்தூத் 175-ஆ விட்டாங்க. மோட்டார் சைக்கிள்னா இந்த மூணு பேர்தான். ஒரு கம்பெனி வருஷத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம்னு டெல்லியில லைசென்ஸ் கொடுத்த காலம் அது. 1951-ல வந்த தொழில் சட்டம் அப்படி. கூட நாலு வண்டி விக்கும்னு தெரிஞ்சாலும் கூடச் செய்ய முடியாது.

விளைவு, க்யூ. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பேரு பதிஞ்சுட்டு பத்து வருஷம் வரைக்கும் காத்திருந்த கதை நம்ம அப்பா தலைமுறைல நிறையப் பேருக்குத் தெரியும். க்யூல நின்னு கம்பெனி விலைக்கு வாங்கின வண்டியை மறுநாளே வெளியில வித்தா லாபம் கிடைச்ச காலம். அதாவது ஓட்டின வண்டி புது வண்டியை விட விலை ஜாஸ்தி! இந்த நிலைமைல "எப்போ மாத்தலாம்"னு எவன் கேப்பான்? கைல இருக்கறதை வித்துட்டா அடுத்தது எப்போ வரும்னே தெரியாதே.

அதனால வண்டியை மாத்தலை. வண்டிக்கு உள்ள இருக்கறதை மாத்தினாங்க. இங்கதான் நம்ம ஊர் மெக்கானிக் பொறக்கறார். இன்ஜின் சிலிண்டர் தேஞ்சா லேத்துல கொடுத்து ரீபோர் பண்ணி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவாங்க. பொதுவா ஓவர்சைஸ் பிஸ்டன் கால் மில்லிமீட்டர் கணக்குல வரும்: 0.25, 0.50, 0.75, 1.00. அதாவது கம்பெனிக்காரனே வண்டி பொறக்கும்போதே அதுக்கு நாலு மறுபிறவி எழுதி வெச்சு அனுப்பறான். நாலும் முடிஞ்சா புது லைனர் இறக்கி மறுபடியும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கலாம். மனுஷனுக்கு இல்லாத வசதி. ராஜபாளையம், சங்கரன்கோவில் பக்கம் லேத் பட்டறைகளுக்கு இதெல்லாம் அன்றாட வேலை. சிவகிரி மாதிரி ஊர்ல அன்னைக்கு மோட்டார் சைக்கிள் வெச்சிருந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஆனா அப்படி வந்த புல்லட் ஒண்ணு அப்பாகிட்டேர்ந்து மகனுக்கும், மகன்கிட்டேர்ந்து பேரனுக்கும் போச்சு. வயக்காடு மாதிரி அதுவும் ஒரு சொத்து.

அதே நேரத்துல அமெரிக்காவுல

உலகத்தோட இன்னொரு மூலைல நேர் எதிரா ஒரு கதை ஓடிட்டு இருந்துச்சு. ஹென்றி ஃபோர்டு தன்னோட மாடல் டி காரை 1908-லேர்ந்து 1927 வரைக்கும் பெரிசா மாத்தாமலே வித்தார். அவர் கொள்கை, கார்னா ஒருதரம் வாங்கினா நின்னு உழைக்கணும். ஜெனரல் மோட்டார்ஸோட ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920-கள்ல வேற வழி எடுத்தார். வருஷா வருஷம் புது மாடல். பழைய கார் நல்லாத்தான் ஓடும், ஆனா பக்கத்து வீட்டுக்காரன் புதுசு வாங்கினதும் நம்மது பழசாத் தெரியும். கடைசியில ஃபோர்டே இறங்கி வந்து மாடல் டி-யை நிறுத்த வேண்டியதாப் போச்சு.

1954-ல ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ்ங்கற அமெரிக்க வடிவமைப்பாளர் இதுக்கு ஒரு பேரையே பிரபலமாக்கினார். திட்டமிட்ட காலாவதி. தேவைப்படறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, கொஞ்சம் புதுசா, கொஞ்சம் நல்லதா ஒண்ணு வேணும்ங்கற ஆசையை வாங்கறவன் மனசுல விதைக்கணும்ங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். இவர் 1949 ஹார்லி டேவிட்சன் ஹைட்ரா க்ளைடு பைக்கோட வடிவமைப்புலயும் கைவெச்சவர். யோசிச்சுப் பாருங்க. அவர் இதைச் சொன்ன அடுத்த வருஷம் திருவொற்றியூர்ல ஆரம்பிச்ச கம்பெனி, அரை நூற்றாண்டுக்கு இன்ஜினை மாத்தவே இல்லை :-)

ரெண்டுலயும் வாங்கறவன் முடிவெடுக்கலைங்கறதைக் கவனிங்க. அங்க விளம்பரம் முடிவெடுத்துச்சு, இங்க பற்றாக்குறை முடிவெடுத்துச்சு.

கேள்வி பொறந்த வருஷம்

80-களோட ஆரம்பத்துல மத்திய அரசு 100 சிசி வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டணியை அனுமதிச்சுது. அப்புறம் வரிசையா வந்தாங்க. ஓசூர்ல டிவிஎஸ் கம்பெனி 1984-ல இந்த்-சுஸுகி. 1985-ல ஹரியானா தாருஹேராவுலேர்ந்து ஹீரோ ஹோண்டா சிடி 100. அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100. அப்புறம் கவாஸாகி பஜாஜ். இதுக்கு முன்னாடியே 1980-ல ஓசூர்லேர்ந்து டிவிஎஸ் 50 வந்தாச்சு. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு மூட்டை சுமந்த பெருமை அந்தக் குட்டி வண்டிக்கு உண்டு. அதைப் பத்தித் தனிப் பதிவே போடலாம்.

சிடி 100 விளம்பரத்துல லிட்டருக்கு 80 கிலோமீட்டர்னு சொன்னாங்க. புல்லட்டோ ராஜ்தூத்தோ வெச்சிருந்தவருக்கு அதுல பாதி கிடைச்சாலே பெரிய விஷயம். ஃபோர் ஸ்ட்ரோக், ஆயில் கலக்கற வேலை இல்லை, ஒரே உதையில ஸ்டார்ட். நல்லா ஓடிட்டு இருக்கற வண்டியை வித்துட்டு இன்னொண்ணு வாங்கறதுக்கு ஒரு நியாயமான காரணம் முதல் தடவையா வந்துச்சு. பெட்ரோல் காசு மிச்சம். க்யூவும் மெதுவா கரைஞ்சுது. அப்பதான் வீட்டுல திண்ணைல உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க: "மாத்திரலாமா?"

அந்த ஹீரோ ஹோண்டா இன்ஜினைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். ஹோண்டா 1958-ல விட்ட சூப்பர் கப் குடும்பத்து வாரிசு அது. அந்த சூப்பர் கப் 2017-ல பத்துக் கோடி உற்பத்தியைத் தாண்டிச்சு. சிடி 100-ஓட 97.2 சிசி இன்ஜின் 1994-ல ஸ்ப்ளெண்டருக்குப் போச்சு. 2010 கடைசியில ஹீரோவும் ஹோண்டாவும் பிரியறதா முடிவு பண்ணின பிறகும் அந்த வழி இன்ஜின் தொடர்ந்துச்சு. புல்லட் கத்துக்கொடுத்த பாடத்தையே இதுவும் வேற மாதிரி சொல்லுது. மாறாம இருக்கற வண்டிக்கு ஆயுசு கெட்டி, ஏன்னா அதோட சாமான் கிடைச்சுட்டே இருக்கும்.

சரி, கணக்கு என்ன சொல்லுது?

பொட்டி தட்டறவன் வலைப்பூவுல கணக்கு இல்லாம எப்படி? பழைய மிஷினை எப்போ மாத்தலாம்ங்கற கேள்விக்கு ஹரால்டு ஹோட்டலிங்னு ஒரு அமெரிக்கர் 1925-லயே கணித வடிவம் கொடுத்துட்டார். அதோட சாரத்தை எளிமையா இப்படிச் சொல்லலாம். வாங்கின விலைலேர்ந்து வித்த விலையைக் கழிச்சு, அதுவரைக்கும் ஆன ரிப்பேர் செலவைக் கூட்டி, வருஷத்தால வகுங்க. எந்த வருஷத்துல அந்தச் சராசரி ரொம்பக் குறைவோ அப்போ மாத்துங்க. அவ்வளவுதான்.

ஒரு பேச்சுக்கு எண் போட்டுப் பாப்போம் (எல்லாம் நானா வெச்ச எண்தான்). ரோட்டுக்கு வரும்போது வண்டி 1 லட்சம். முதல் அஞ்சு வருஷம் சர்வீஸ், சாமான் எல்லாம் வருஷத்துக்கு 3,000. அடுத்த அஞ்சு வருஷம் 5,000. அதுக்கு அடுத்த அஞ்சு 8,000. அதுக்கும் மேல 12,000. வித்தா மூணாவது வருஷம் 60,000, அஞ்சாவது 45,000, பத்தாவது 20,000, பதினஞ்சாவது 10,000, இருபதாவது 5,000.

3 வருஷத்துல மாத்தினா, வருஷத்துக்குச் சுமார் 16,300
5 வருஷத்துல – 14,000
10 வருஷத்துல – 12,000
15 வருஷத்துல – சுமார் 11,300
20 வருஷத்துல – 11,750

பாத்தீங்களா? மூணு வருஷத்துக்கு ஒருதரம் மாத்தறவர் காசைக் கரியாக்கறார், அது உறுதி. முதல் அஞ்சு வருஷத்துலதான் விலை சரசரன்னு இறங்கும். இன்சூரன்ஸ்காரங்களோட தேய்மான அட்டவணைலயே அஞ்சு வருஷத்துல பாதி போயிடும். ஆனா பத்து வருஷத்தைத் தாண்டினதும் கோடு தட்டையாயிடுது. பத்துக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல வித்தியாசம் மாசம் அறுபது ரூபாய்க்கும் கீழே. பத்துக்கும் இருபதுக்கும் நடுவுல வருஷத்துக்கே 250 ரூபாய்தான். உங்க எண்ணைப் போட்டா புள்ளி கொஞ்சம் முன்ன பின்ன நகரும், தட்டையான அடிப்பகுதி அநேகமா அப்படியேதான் இருக்கும்.

அதாவது பத்து வருஷத்துக்கு மேல கணக்கு கையை விரிச்சுடுது. "எப்போ வேணா மாத்திக்கோ, எனக்கு ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லிடுது. அப்போ முடிவை யார் எடுக்கறா?

இதைக் கேட்டுப் பாத்தவர் ஒருத்தர் இருக்கார். ஜான் ரஸ்ட்ங்கற பொருளாதாரப் பேராசிரியர். அமெரிக்காவுல மேடிசன் நகரப் பேருந்துக் கம்பெனியில ஹரால்டு ஸர்ச்சர்னு ஒரு பராமரிப்பு மேற்பார்வையாளர். எந்தப் பஸ்ஸுக்கு எப்போ இன்ஜின் மாத்தணும்னு முடிவெடுக்கறது அவர் வேலை. அவரோட பத்து வருஷப் பதிவேட்டை எடுத்து, எந்த கிலோமீட்டர்ல மாத்தினார், ஏன் மாத்தினார்னு ரஸ்ட் 1987-ல ஒரு கட்டுரை எழுதினார். பொருளாதாரம் படிக்கறவங்க இன்னைக்கும் படிக்கற கட்டுரை அது. அதுல எனக்குப் பிடிச்ச இடம் எதுன்னா, ஸர்ச்சருக்குத் தெரிஞ்சு ஆராய்ச்சியாளருக்குத் தெரியாத விஷயங்கள்னு ஒரு தனி உறுப்பையே சமன்பாட்டுக்குள்ள வெச்சிருக்கார். இன்ஜின் சத்தம், டிரைவர் சொன்ன குறை, இந்த மாதிரி பதிவேட்டுல ஏறாத சமாச்சாரங்களுக்கான இடம்னு நான் புரிஞ்சுக்கறேன். நம்ம ஊர் மெக்கானிக் ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிட்டு தலையைச் சாய்ச்சுக் கேப்பாரே, அந்த உறுப்புதான் அது.

முடிவெடுக்கறவங்க வரிசை

கணக்கு விட்ட இடத்துல நம்ம நாட்டுல வரிசையா நாலு பேர் வந்து உக்காந்திருக்காங்க.

முதல் ஆள் சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டியோட பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அப்புறம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிக்கலாம். ஊர்ல இதை "எஃப்சி காட்டறது"ன்னுதான் சொல்லுவாங்க. நிறையப் பேர் 15 வருஷத்தோட வண்டி ஆயுசு முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க. தலைநகர்ப் பகுதியில வேணா அப்படி. 2014-ல பசுமைத் தீர்ப்பாயம் 15 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஓட்டக் கூடாதுன்னு உத்தரவு போட, 2018-ல உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதிச்சுது. தமிழ்நாட்டுல பசுமை வரி கட்டிட்டு ஓட்டலாம். ஆனா கட்டணம் ஏறிட்டே போகுது. பைக்குக்கு 300 ரூபாயா இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 1,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, இருபது வருஷம் தாண்டின வண்டிக்கு 2,000. தடை போடலை, ஆனா லேசா முதுகுல கைவெச்சுத் தள்றாங்க.

ரெண்டாவது ஆள் புகை. இதுல சட்டத்துப் பக்கம் நியாயம் இருக்கு. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேத்து ஒரு பைக் கிலோமீட்டருக்கு எவ்வளவு விடலாம்ங்கற வரம்பு 1996-ல 3.6 கிராம். 2000-த்துல 2. 2005-ல ஒண்ணரை. 2010-ல 1. 2020 ஏப்ரல்ல வந்த பிஎஸ் 6-ல ரெண்டையும் கூட்டினா 0.16 தான். சோதனை முறையும் நடுவுல மாறினதால அப்படியே வகுத்துப் பாக்கக் கூடாது. ஆனாலும் தூரம் புரியுது இல்லையா? டூ ஸ்ட்ரோக் வண்டிகளோட கதை முடிஞ்சதுக்கு இதுதான் முக்கியக் காரணம். ஆர்எக்ஸ் 100 சத்தத்துக்கு உருகற நண்பர்கள் மன்னிக்கணும்.

இந்தப் புகை விதி ஒரு கூத்தும் பண்ணிச்சு. 2017 மார்ச் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1-லேர்ந்து பிஎஸ் 3 வண்டி விக்கவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. கம்பெனிகள்கிட்ட விக்காம நின்ன வண்டி எட்டு லட்சத்துக்கு மேல, அதுல பெரும்பகுதி டூவீலர். ரெண்டே நாள். ஆயிரக்கணக்குல தள்ளுபடி அறிவிச்சாங்க, ஷோரூம் வாசல்ல தீபாவளிக் கூட்டம். வீட்டுல நல்லா ஓடிட்டு இருந்த வண்டியைத் தள்ளி விட்டுட்டுப் புதுசு வாங்கினவங்க எத்தனையோ பேர். ஸ்டீவன்ஸ் பாத்திருந்தா கண் கலங்கியிருப்பார்.

மூணாவது ஆள் சாமான். என்னைக் கேட்டா இவர்தான் நிஜ முதலாளி. கான்பூர் எல்எம்எல் கம்பெனியை 2018-ல கலைக்க உத்தரவாச்சு. அந்தக் கம்பெனியோட ஃப்ரீடம் பைக் வெச்சிருந்தவங்களுக்கு இன்ஜின் நல்லா இருந்து என்ன பிரயோஜனம்? கண்ணாடி விளக்குக்கும் கேபிளுக்கும் அலையணும். ஐடியல் ஜாவா 1996-ல மூடினப்பவும் இதேதான், என்ன, யெஸ்டிக்குப் பைத்தியங்கள் ஜாஸ்திங்கறதால சாமான் எங்கிருந்தாவது முளைச்சுட்டே இருந்துச்சு. வண்டிக்கு வயசு எத்தனைன்னு பாக்கறதை விட, அதே இன்ஜின் இன்னும் விக்குதான்னு பாக்கறது நல்ல அளவுகோல். இதுல புது வண்டிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. பிஎஸ் 6-க்கு அப்புறம் கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வந்துடுச்சு. ஸ்பானரோட ஸ்கேனரும் வேணும். சில சிலிண்டரை ரீபோரே பண்ண முடியாது, யமஹாவோட அலுமினிய டயசில் சிலிண்டர் மாதிரி. தேஞ்சா மொத்தமா மாத்தணும். அந்த நாலு மறுபிறவி கதை மெதுவா முடியுது.

நாலாவது ஆள் தவணை. கடைசி மாசத் தவணை கட்டி, என்ஓசி வாங்கி, ஆர்சி புக்ல எச்.பி. கேன்சல் பண்ணின கையோட எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஃபோன் வரும். வண்டிக்கு அப்போ வயசு மூணுதான் இருக்கும். மேல போட்ட கணக்குல ரொம்ப மோசமான வரி எதுவோ, அந்த இடத்துலதான் அவங்க கூப்பிடறாங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 28-லேர்ந்து 18 சதவீதமா குறைஞ்ச பிறகு இந்த இழுப்பு இன்னும் ஜாஸ்தி.

எங்க வீட்டு வண்டி

இப்போ சொந்தக் கதை. எங்க அப்பாவோட வண்டி 2001-ல பதிஞ்ச ஸ்ப்ளெண்டர். 2016-லயும் 2021-லயும் ரெண்டு தடவை எஃப்சி காட்டியாச்சு. 2026 மூணாவது தடவை. ஒரு ரீபோர் ஆகியிருக்கு, அதாவது இன்னும் மூணு பிறவி பாக்கி. சாமான் சங்கரன்கோவில்லயும் ராஜபாளையத்துலயும் கேட்ட உடனே கிடைக்குது. மேல சொன்ன நாலு பேர்ல புகையைத் தவிர வேற யாருக்கும் இந்த வண்டியை வெளிய அனுப்ப உரிமை இல்லை. அப்பாவோட வாதமும் அதான்: "எதுக்குல புது வண்டி? இது என்ன நடுவழியில நிக்கவா செய்யுது?"

நிக்கலைதான். மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட கேட்டேன். முறுக்கிப் பாத்தார், தலையைச் சாய்ச்சுக் கேட்டார். "இன்ஜின் இன்னும் பத்து வருசம் கெடக்கும் தம்பி. அப்பாவுக்குக் கால்முட்டு எப்படி இருக்கு?"ன்னார்.

ஹோட்டலிங் சூத்திரத்துல இந்த எண்ணுக்கு இடமே இல்லை. 2001 வண்டி, கிக்கர் மட்டும்தான். அப்பாவுக்கு அறுபத்து மூணு முடிஞ்சுது. காலைல குளிர்ந்த இன்ஜினை அஞ்சாறு தடவை உதைக்கும்போது எப்படி முகத்தைச் சுளிக்கறார்னு அண்ணாச்சி தினமும் பாக்கறார். மாசத்துக்கு ஒருதரம் ஊருக்குப் போற நான் பாக்கலை. ரெண்டாவது, பிரேக். முன்னாடியும் பின்னாடியும் தனித்தனி டிரம் பிரேக். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் விக்கற 125 சிசி வரைக்கும் உள்ள பைக்குல ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கற அமைப்போ ஏபிஎஸ்ஸோ கட்டாயம். எங்க தோட்டத்துக்குப் போக மெயின் ரோட்டை வெட்டித்தான் போகணும். கேரளாவுக்குப் போற லாரி ராத்திரி பகல் பாக்காம வர்ற ரோடு. பின்னாடி அம்மா உக்காந்திருப்பாங்க. எங்க வீட்டுல முடிவெடுக்க வேண்டிய அஞ்சாவது ஆள் இந்த வயசும் இந்த ரோடும்தான்.

மாசம் அறுபது ரூபாய் வித்தியாசம் பெரிசில்லைன்னு கணக்கே சொல்லிடுச்சு. அப்போ அந்தத் தட்டையான இடத்துல எடுக்கற முடிவு காசு முடிவா இருக்க வேண்டிய அவசியம் இல்லை. செல்ஃப் ஸ்டார்ட்டும் நல்ல பிரேக்கும் இருக்கற 100 சிசி ஒண்ணு வாங்கறதுன்னு சொல்லியிருக்கேன். வண்டி பழசாச்சுன்னு சொன்னா அப்பாவுக்குக் கோவம் வரும். அதனால அப்படிச் சொல்லலை. "அம்மா பின்னாடி உக்காரறாங்கல்ல"ன்னு மட்டும் சொன்னேன். பதில் எதுவும் சொல்லலை. ஆனா மறுநாள் பக்கத்து வீட்டு வண்டியோட செல்ஃப் பட்டனை ஒருதரம் அமுக்கிப் பாத்தார்னு அம்மா ஃபோன்ல சொன்னாங்க. பாதிக் கிணறு தாண்டியாச்சு :-)

லைசென்ஸ் ராஜ்யம் "மாத்தாதே"ன்னுச்சு. ஸ்லோன் வழி வந்தவங்க "உடனே மாத்து"ங்கறாங்க. கணக்கு "உன் இஷ்டம்"ங்குது. புதுசு வாங்க நினைக்கறவங்களுக்கு நான் சொல்றது இதான்: முதல் அஞ்சு வருஷத்துல மாத்தாதீங்க, அது தெண்டம். பத்து வருஷத்துக்கு மேல வண்டியைப் பாக்காதீங்க. அதை ஓட்டறவரைப் பாருங்க.

பி.கு.: உங்க வீட்டுல இருக்கற வண்டிக்கு வயசு எத்தனை, எத்தனை ரீபோர் ஆச்சுன்னு சொல்லிட்டுப் போங்க. முப்பது வயசு தாண்டின டிவிஎஸ் 50 யாராவது வெச்சிருந்தா அவங்களுக்கு என் சார்புல ஒரு சல்யூட்.